ஐந்து கணினிகளுக்கும் வேலையைப் பங்கிடுவதா, பெரிதாக ஒன்று வாங்குவதா?

நல்லூர்ப் பின்வீதி எழுதியது:
எங்கள் ஸ்டூடியோவில் ஐந்து கணினிகள் இருக்கின்றன. ஒன்றில் பழைய கசெட்டுகளைக் கணினிக்கு ஏற்றுகிறோம். இரண்டில் எடிட்டிங் நடக்கிறது. மற்ற இரண்டும் பில் எழுதவும் அல்பம் வடிவமைக்கவும். கலியாண வீடியோ ஒன்றை எம்பி4 ஆக்க ஓர் இரவு போய்விடுகிறது. அந்த நேரம் மற்ற நான்கும் தூங்குகின்றன. எங்களிடம் வேலை செய்யும் தம்பி, படத்தைத் துண்டாக்கி ஐந்துக்கும் கொடுக்கலாம் என்கிறார். பங்காளியோ புதிதாக ஒன்று வாங்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

கொக்குவில் சந்தி:
வாங்குங்கள் அண்ணை. என்விடியா கார்டில் வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. இரவு முழுக்க ஓடுகிற வேலை தேநீர் குடித்து வருவதற்குள் முடியும். நொண்டி மாடுகள் ஐந்தைப் பூட்டினாலும் வண்டி ஓடாது.

பழைய கசெட்:
மாடு நொண்டியா என்பதைப் பிறகு பார்க்கலாம். எந்த வேலை தேங்கி நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். மூன்று மணித்தியாலக் கசெட் மூன்று மணித்தியாலம் ஓடியே தீரும். எந்தக் கார்டு வாங்கினாலும் அது குறையாது. கசெட்டை ஓட்டும் டெக் இரண்டாவதாக ஒன்று வாங்கினால்தான் குறையும்.

இன்னொன்று. 1990களில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜெனரேட்டர் வைத்து எடுத்த கசெட்டுகள் எங்களிடம் வருகின்றன. பாதிக்குப் பூஞ்சணம். இன்னொரு தடவை ஓடும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஏற்றுகிற கணினியில் அந்த நேரம் வேறு எந்த வேலையும் ஓடக் கூடாது. அவசரத்தில் நான் ஒருநாள் அதிலேயே டிரான்ஸ்கோடிங்கையும், அதாவது எம்பி4 ஆக்கும் வேலையையும், ஓட விட்டேன். ஹார்ட் டிஸ்க் திணறி வீடியோவின் பிரேம்கள் விடுபட்டன. கெட்டிமேளம் கேட்கிறது, மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் உறைந்து நிற்கிறது. கசெட் இரண்டாம் தடவையும் ஓடியதால் தப்பினேன்.

கரவெட்டி வயல்:
அந்தக் கணினியை விட்டுவிடுவோம். மற்ற நான்கும் ஏன் சும்மா இருக்க வேண்டும்? 2022 மார்ச் கடைசியில் ஒரேநாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கிறதா? எம்பி4 கோப்பின் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு மின்சாரம் போனால் இரவு முழுக்கச் செய்த கோப்பு திறக்கவே திறக்காது. பத்து நிமிடத் துண்டுகளாகச் செய்திருந்தால் போவது ஒரு துண்டுதான்.

கொக்குவில் சந்தி:
அதற்குத்தான் யூபிஎஸ். துண்டுகளை ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு ஒட்டிலும் நாதஸ்வரம் விக்கும். ஒரு துண்டு தெளிவாக இருக்கும், அடுத்தது மங்கும்.

கரவெட்டி வயல்:
ஒலியையும் சேர்த்து வெட்டினால் விக்கத்தான் செய்யும். ஏஏசி முறையில் சுருக்கிய ஒலி ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் சிறு வெற்றிடத்தைச் சேர்க்கும். ஒலியை வெட்டாமல் ஒரே கணினியில் முழுதாகச் செய்யுங்கள், படத்தை மட்டும் கீபிரேம் (முன்பின் பிரேம்களைச் சாராத முழுப் பிரேம்) உள்ள இடங்களில் வெட்டுங்கள். நொடிக்கு இவ்வளவு தரவு என்று சராசரி பிட்ரேட் கொடுத்தால் அமைதியான துண்டுக்கும் ஆரவாரமான துண்டுக்கும் ஒரே பங்கு போகும். மங்கலுக்கு அதுதான் காரணம். வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருளில் சிஆர்எப் என்ற தர எண்ணை எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக வையுங்கள், எக்ஸ்264 பதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். கார்டு வேகமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே கோப்பளவில் எக்ஸ்264 இன் மெதுவான அமைப்புத் தரும் தெளிவு பெரும்பாலும் அதில் கிடைப்பதில்லை. யூடியூப்பிற்கு என்றால் பரவாயில்லை, அவர்கள் எப்படியும் மறுபடி சுருக்குவார்கள். மேலும், 2011 முதல் வந்த பல இன்டெல் சில்லுகளில் வீடியோவைச் சுருக்கும் குயிக் சிங்க் என்ற சுற்று இருக்கிறது. வாங்கச் சொல்லும் பொருளின் தம்பி ஏற்கெனவே அண்ணையின் மேசையில் இருக்கக்கூடும்.

பழைய கசெட்:
வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். ஆவணி மாதத்தில் ஒரு கலியாணம் மட்டுமா வருகிறது? ஐந்து பானை இருக்கும்போது அடுப்புக்கு ஒரு பானையாக ஏற்றுங்கள். ஒரு பானைச் சோற்றை ஏன் ஐந்து அடுப்பில் பிரிக்கிறீர்கள்? முழு வீடியோ ஒன்று ஒரு கணினிக்கு. மின்வெட்டுக்குப் பயமென்றால் முதலில் எம்கேவி என்ற வேறு வகைக் கோப்பாக எழுதுங்கள், அறுந்த இடம்வரை பெரும்பாலும் மிஞ்சும். பிறகு எம்பி4 ஆக மாற்றச் சில நிமிடங்கள் போதும்.

கரவெட்டி வயல்:
நாளைக் காலை ரொறன்ரோவுக்கு ஒரே ஒரு வீடியோ அனுப்ப வேண்டுமென்றால்?

பழைய கசெட்:
அந்த ஒரு நாளுக்கு மட்டும் உங்கள் வழியில் வெட்டுகிறேன்.

கொக்குவில் சந்தி:
கோப்புகள் கணினிக்குக் கணினி எப்படிப் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லையே? ஒரு மணித்தியால மினிடிவி கசெட்டை ஏற்றினால் கோப்பு சுமார் 13 ஜிபி. கணினிகளை இணைக்கும் வலையமைப்புச் சுவிட்ச் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) என்றால் கொப்பி செய்யப் பதினெட்டு நிமிடம் வரை போகும், அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட்டில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். 4கே கமராவில் 100 எம்பிபிஎஸ்ஸில் எடுத்தால் மணித்தியாலத்துக்கு 45 ஜிபி. அதை வலையமைப்பிலிருந்து நேரே எடிட் செய்ய ஒருவர் உட்கார்ந்தாலே பழைய சுவிட்ச் நிரம்பிவிடும்.

நல்லூர்ப் பின்வீதி:
சுவிட்சைப் புரட்டிப் பார்த்தேன். 100 தான். கிகாபிட் சுவிட்ச் ஒன்றும் பழைய டெக் ஒன்றும் தேடுகிறேன், பெரிய கணினி தைக்குப் பிறகு. பங்காளிக்கு இன்னும் சொல்லவில்லை. வேறொரு சிக்கல்: பில் எழுதும் பிள்ளை மாலை ஆறு மணியானதும் முன் அறையின் மெயினையே நிறுத்திவிட்டுப் போகிறார்.

கொக்குவில் சந்தி:
அண்ணை, சுவிட்ச் எந்த அறையில் இருக்கிறது?

நல்லூர்ப் பின்வீதி:
முன் அறையில்.