விண்டோஸில் 'மலை' பாஸ், 'காடு' ஃபெயில்: ஏன் என்று யாராவது சொல்லுங்களேன்

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. பைதானில் தமிழ்ச் சொற்களுக்காக ஒரு சின்ன கருவி எழுதுகிறேன். ஒரே ஒரு சொல் உள்ள யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) ஃபைலைப் படித்து, இன்னொரு ஃபைலில் எழுதி, இரண்டும் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்ட். லினக்ஸில் எல்லாமே பாஸ். விண்டோஸில் 'மலை' பாஸ் ஆகிறது, 'காடு' ஃபெயில் ஆகிறது. சார்மேப்பால் (பைட்டை எழுத்தாக்கும் பைதான் பகுதி) டிகோட் செய்ய முடியவில்லை, பைட் 81, இடம் 11 என்று எரர். ஃபைலை மூன்று முறை புதிதாக டைப் செய்தும் அதேதான். என்கோடிங் (எழுத்தை பைட்டாக்கும் முறை) கோளாறு என்றால் இரண்டுமே ஃபெயில் ஆக வேண்டாமா? பைதான் 3.11, ஆங்கில விண்டோஸ். இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில்:
ஃபைலில் குறை இல்லை. ஃபைலைத் திறக்கும் இடத்தில் என்கோடிங் குறிப்பிடவில்லை என்று நினைக்கிறேன். குறிப்பிடாவிட்டால் 3.11 விண்டோஸின் கோட்பேஜை (எந்த பைட் எந்த எழுத்து என்ற அட்டவணை) எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸில் அது 1252. அந்தக் கோட்பேஜில் 81, 8டி, 8எஃப், 90, 9டி என்ற ஐந்து பைட்டுகளுக்கு (எல்லாம் பதினாறடி எண்கள்) எழுத்தே கிடையாது.

யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'காடு'வில் க, கால், ட மூன்றுக்கும் 0 முதல் 8 வரை போய்விடும். அடுத்து வரும் உகரக் குறியின் கடைசி பைட் 81. அது சரியாக 11ஆம் இடத்தில் விழுகிறது. புள்ளி 8டியில் முடியும், தனி உயிரெழுத்தாக வரும் ஏ 8எஃப்பில், ஐ 90இல். உகரமும் புள்ளியும் இல்லாத தமிழ் வரி எத்தனை இருக்கும்? அதனால் நிஜ வாக்கியம் எதைக் கொடுத்தாலும் பெரும்பாலும் விழும்.

'மலை' பாஸ் ஆனதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதன் ஒன்பது பைட்டுக்கும் 1252இல் ஏதோ ஒரு எழுத்து இருக்கிறது. ஒன்பது குப்பை எழுத்துகளாகப் படித்து, அதே கோட்பேஜில் திருப்பி எழுதுகிறது. பைட் மாறவே இல்லை. போகும்போது செய்த தப்பை வரும்போது செய்த தப்பு மறைத்துவிட்டது. படித்த சொல்லின் நீளம் 3 என்று ஒரு சோதனை சேருங்கள், உடனே பிடிபடும்.

படிக்கும் இடம், எழுதும் இடம் இரண்டிலும் யுடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். சூழல் மாறியில் யுடிஎஃப்-8 மோடைப் போட்டாலும் உங்கள் மெஷினில் ஓடும், ஆனால் பயனர் மெஷினில் அது இருக்காது. விட்டுப்போன இடங்களைத் தேட, 3.10இலிருந்து இயல்பு என்கோடிங்குக்கு எச்சரிக்கை தரும் வசதி இருக்கிறது.

இன்னொரு பதில்:
மேக்கிலும் ஓட்டிப் பாருங்கள், அங்கே ஃபைல் பெயரில் இடறும். 'கொடி' என்று பெயர் வைத்தால் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் (மேக்கின் முந்தைய ஃபைல் சிஸ்டம்) டிஸ்க் கொ-வைப் பிரித்து, ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகச் சேமிக்கும். நாம் எழுதியது 12 பைட், திரும்ப வருவது 15. பார்வைக்கு ஒன்றேதான், ஒப்பிட்டால் பொருந்தாது. அதற்குப் பதிலாக 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும், ஆனால் பழைய வெளி டிஸ்க்குகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) ஆக்கிவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி! நீளச் சோதனையை முதலில் சேர்த்தேன், 'மலை'க்கு 9 வந்தது. என்கோடிங் போட்டதும் 3. 'காடு'வும் பாஸ். எழுதும் இடத்தில் ஒன்று விட்டுப்போயிருந்தது, எச்சரிக்கை காட்டிக்கொடுத்தது. 'கொடி'யையும் என்எஃப்சி ஆக்கிவிட்டேன். ஆனால் 'கௌரி'க்கு இரண்டு ஃபைல்கள் இன்னும் பொருந்தவில்லையே?

பதில்:
ஒன்றில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் டைப் ஆகியிருக்கும்: கெளரி. யூனிகோடைப் பொறுத்தவரை அது வேறு சொல், என்எஃப்சி தொடாது. அந்த ஃபைலைக் கையால்தான் திருத்த வேண்டும்.