ஓலை முடையும் தோழிகள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நான் ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. அவர்கள் பள்ளிக்குப் போனதும் பனங்குருத்தோலையில் பெட்டி முடைய உட்கார்ந்துவிடுவேன். அம்மாச்சி கற்றுத்தந்த கை வேலை.

சாயம் தேர்ந்தெடுக்கக் கடலைத்தான் பார்ப்பேன். வடக்கே பாக் விரிகுடா, இங்கே அதைப் பெண்கடல் என்போம். அமைதியான நாளில் வெளிறிய பச்சையாகக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல், அடர்ந்த நீலம். இரண்டும் ஒரே பெட்டியில் வரவேண்டும் என்பது என் ஆசை. (ரோஸ் கலர் கேட்பவர்களுக்கும் செய்வேன், மனசில்லாமல்.)

இப்போது பிரச்சினை: போன கார்த்திகை மழையில் பதினோரு பெட்டிகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. விளிம்பு கட்டிய இடத்தில் கறுப்புப் புள்ளிகள். வெயிலில் போட்டேன், புள்ளி போகவில்லை, சாயம்தான் வெளுத்தது. உப்புக்காற்றில் ஓலையை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்? முடைவதற்கு முன்பே ஏதாவது செய்ய வேண்டுமா?

அப்புறம் இன்னொன்று. இதைப் பற்றிப் பேச எனக்கு ஆளே இல்லை. வீட்டுக்காரர் போனிலிருந்து தலை நிமிராமலே “நல்லாருக்கு” என்பார். சாயல்குடி, கீழக்கரை, பாம்பன் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை ஓலையோடு வருகிறேன், டீ மட்டும் போட்டு வையுங்கள்.