மணிக்கட்டு வீக்கம்: சுளுக்கா, யூரிக் அமிலமா?

உறுப்பினர், தாராபுரம்:

மழை நாளொன்றில் படியில் வழுக்கி, உடல் எடை முழுவதும் வலது உள்ளங்கையில் இறங்கும்படி விழுந்தேன். எக்ஸ்ரேயில் முறிவு இல்லாததால் சுளுக்கு என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மறுநாள் வலி தணிந்தது. ஆனால் மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு, போர்வை பட்டாலே தாங்க முடியாத வலியுடன் விழித்தேன். மணிக்கட்டு சிவந்து, தொட்டால் சுட்டது.

கௌட், அதாவது யூரிக் அமிலம் மூட்டுகளில் படிவதால் வரும் மூட்டுவாதம், கால் பெருவிரலில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். மூட்டுநோய் மருத்துவர் மணிக்கட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஊசி முனை போன்ற யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகங்கள் தெரிந்தன. கிருமித் தொற்றும் இதே தோற்றத்தில் வந்து சில நாட்களிலேயே மூட்டைச் சிதைத்துவிடும் என்பதால், அந்த நீரைக் கிருமிப் பரிசோதனைக்கும் அனுப்பினார். அன்று இரத்தத்தில் யூரிக் அமிலம் 6.2 மட்டுமே, வலி உச்சத்தில் அளவு இறங்கிக் காட்டக்கூடும் என்றார். மூன்று வாரம் கழித்து 8.9 இருந்தது. இந்த அளவு இரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் யூரேட் மூட்டுகளில் படிகமாகப் படியத் தொடங்கும். அப்படிச் சத்தமின்றிப் படிந்திருந்ததை என் வீழ்ச்சி கிளறிவிட்டிருக்கிறது. இரத்த அழுத்தத்துக்காக நான் சாப்பிட்ட நீர் பிரியும் மாத்திரைக்கும் இதில் பங்கு இருந்தது.

கௌட் வலியைத் தணிக்க எனக்குக் கொடுத்தது கால்ச்சிசின். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பந்தலிட்டு வளர்க்கும் கண்வலிக்கிழங்கின், அதாவது செங்காந்தளின், விதையிலிருந்து எடுக்கும் மருந்து அது. அந்தக் கிழங்கின் நஞ்சை அறிந்தவன் என்பதால், ஒரு மாத்திரையும் கூடுதலாகப் போடவில்லை.

உறுப்பினர், ஈரோடு:

ஐயா, எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. பெருவிரலில் பத்தாண்டு கௌட் உள்ளவன் என்பதால், வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கியபோது அதையும் கௌட் என்றே தீர்மானித்து, வீட்டிலிருந்த மாத்திரையைச் சாப்பிட்டு வாரங்களைக் கடத்தினேன். வீக்கம் வடிந்த பிறகும் ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. நாற்காலியில் கையூன்றி எழுந்தால் உள்ளே 'களுக்' என்றது.

மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளில் படகெலும்பையும் பிறையெலும்பையும் பிணைக்கும் ஜவ்வு கிழிந்திருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத இடைவெளி, கையை முட்டியாக இறுக்கி எடுத்த படத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் படியும் படிகங்கள் அந்த ஜவ்வையே நைந்துபோகச் செய்வதும் உண்டு என்றார் கை அறுவை மருத்துவர். முதல் சில வாரங்களுக்குள் வந்திருந்தால் நேரடியாகத் தைத்திருக்கலாமாம். தாமதத்தால் பெரிய அறுவை தேவைப்பட்டது. பிடிமானம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

உறுப்பினர், திருநெல்வேலி:

எனக்கு இரண்டும் ஒரே கணுக்காலில். பாதம் உட்புறம் மடங்கி வெளிப்பக்க ஜவ்வு மூன்று முறை அறுபட்ட இடத்திலேயே கௌட்டும் வந்தது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபுரினால் மாத்திரையைத் தொடங்கிய இரண்டாம் மாதம் வலி திரும்பியதும், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நானாக நிறுத்திவிட்டேன். பழைய படிகங்கள் கரையும்போது அப்படி வலிப்பது உண்டு என்பதும், அதைத் தடுக்கவே தொடக்க மாதங்களில் சிறிய அளவு கால்ச்சிசினும் சேர்த்துத் தருகிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தன. இப்போது யூரிக் அமிலம் 5.4. இயன்முறை மருத்துவர் சொன்னபடி, காலையில் ஒற்றைக்காலில் நின்றுதான் பல் துலக்குகிறேன்.