அயல் காணியில் கல் அகழ்வு: கிணற்று நீர், வெள்ளம் தொடர்பாக ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் எங்களுக்கு எட்டுப் பரப்பு (அரை ஏக்கர்) தோட்டக் காணி உள்ளது. அதன் வடக்கு எல்லையை ஒட்டி இரண்டு ஆண்டுகளாகச் சுண்ணக்கல் அகழப்படுகிறது. குழியில் ஊறும் நீரை அவர்கள் இறைக்கும் நாட்களில் எங்கள் கிணற்று நீர்மட்டம் இறங்கி, உட்சுவரின் பாசிக்கோடு ஒரு முழத்துக்கு மேல் காய்ந்து தெரிகிறது. தண்ணீரும் சற்றே உவர்க்கிறது. குடாநாட்டில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும், வில்லை (லென்ஸ்) வடிவான ஒரு படையாகவே இருப்பதால், அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும் என்பதை அறிவோம்.

கார்த்திகை மழையிலோ நிலைமை நேர்மாறானது. எல்லையோரம் குவித்த கழிவு மண் பழைய வெள்ளவாய்க்காலை மறித்துவிட்டதால், வெங்காயத் தறைகளில் நான்கு நாட்கள் நீர் நின்றது. (நடுகைக்கு வைத்திருந்த நாற்று முழுவதும் அழுகியது.) குழிக்குள் இறங்கும் அழுக்கு வெள்ளம், மண்ணால் வடிக்கப்படாமல் கல்வெடிப்புகள் வழியே கிணறுகளைச் சேருமோ என்பதே எனது பெரிய அச்சம்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் அவசியம். அதன் நிபந்தனைகளைப் பார்வையிட எங்கே விண்ணப்பிக்க வேண்டும், கிணற்று அளவீடுகளை எவ்வாறு பதிந்தால் முறைப்பாட்டில் சான்றாக ஏற்பார்கள் என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். அடுத்த மாரிக்கு முன் வாய்க்காலையாவது திறப்பிக்க வேண்டும்.