அல்புமினா, வெண்புரதமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.
இரத்தப் புரதச் சோதனை பற்றி நோயாளிகளுக்கான துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அல்புமினுக்கு 'வெண்புரதம்', குளோபுலினுக்கு 'உருண்டைப்புரதம்' என்று வைத்திருக்கிறேன். சரியா?

*

வேண்டாம் அம்மா. நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். 'வெண்புரதம் குறைவு' என்றால் முட்டை வெள்ளைக்கரு சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைப்பார்கள். டயாலிசிஸ் செய்பவர்களை மருத்துவரே வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்வதுண்டு. ஆனால் அல்புமினை உண்டாக்குவது கல்லீரல். அது சுருங்கிப்போனவருக்கு முட்டையால் மட்டும் அளவு ஏறாது. சிறுநீரக வடிகட்டி பழுதானால் அல்புமின் சிறுநீரில் ஒழுகிவிடும். இரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பதே அதுதான். குறைந்தால் கால் வீங்கும்.
ரிப்போர்ட்டில் 'அல்புமின் 2.4' என்று இருக்கும். வழக்கமான அளவு ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) இரத்தத் திரவத்துக்கு 3.5 முதல் 5 கிராம். துண்டறிக்கையில் வேறு பெயர் இருந்தால் அவர் எதை எதோடு ஒப்பிடுவார்?

*

பொருள் விளங்காத ஒலியைக் கொடுத்துவிட்டு விளக்கம் என்கிறீர்களே! இலத்தீனில் 'ஆல்பஸ்' என்றால் வெண்மை. தமிழில் 'அல்' இருள், இரவு. நேர் எதிர். கல்+பலகை கற்பலகை ஆவதுபோல் இதையும் 'அற்புமின்' என்றல்லவா எழுதவேண்டும்? அற்பு என்றால் அன்பு. எங்கே போய் நிற்கிறோம் பாருங்கள்.

*

ஐயா, கற்பலகையில் இரண்டு சொற்கள் புணர்கின்றன. அல்புமின் ஒரே சொல். 'வெல்ப' என்பதில் லகரத்தை அடுத்துப் பகரம் வரவில்லையா? எந்த மெய்யை அடுத்து எது வரலாம் என்று சொல்லும் மெய்ம்மயக்க விதி இடம் கொடுக்கிறது.
எனக்கு உறுத்துவது உருண்டைப்புரதம்தான். அல்புமினும் உருண்டை வடிவப் புரதமே! குளோபுலின் ஒரு குடும்பம். நோய் எதிர்ப்பொருள்களும் அதில் அடக்கம். நாள்பட்ட தொற்றில் கூடும், மயலோமா என்ற புற்றுநோயிலும் கூடும். கூடியதும் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம் என ஒரு வரி சேருங்கள். பெயரைவிட அது முக்கியம்.

*

அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். நான்கு பேர் அல்புமின், குளோபுலின் என்றே இருக்கட்டும் என்கிறார்கள். அப்படியே அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'கல்லீரல் உண்டாக்கும் புரதமான அல்புமின்' என்று எழுதுகிறேன். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

அச்சுக்கு அனுப்புங்கள் அம்மா, நோயாளி காத்திருக்கக் கூடாது. வகுப்பில் நான் வெண்புரதம் என்றே சொல்லிக்கொடுப்பேன். அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி கேட்பேன்.