முதல் டைவிங் கியர்: கையில் இருக்கும் காசுக்கு எதை முதலில் வாங்கினீர்கள்?

புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கின் முதல் கட்டமான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்துவிட்டேன். அடுத்து அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் எண்ணம். ஒதுக்கி வைத்திருப்பது 50,000 ரூபாய். மாஸ்க் முதல் டேங்க் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வரை முழு செட்டாக வாங்கினால்தான் லாபம் என்கிறார் கூடப் படித்தவர். சொந்தக் காசில் வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

* * *

சென்னையிலிருந்து:

அந்தக் காசுக்கு முழு செட் வராது. வந்தால் அதில் ஏதோ ஒன்று சொத்தையாக இருக்கும். நான் வாங்கியது மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர், எஸ்எம்பி (அடையாள பலூன்), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), இதே வரிசையில். பிசிடியும் (காற்றடித்து மிதக்க உதவும் ஜாக்கெட்) ரெகுலேட்டரும் எனக்கு இன்றும் வாடகைதான். நம் பக்கத்து சென்டர்களில் பெரும்பாலும் டைவ் கட்டணத்திலேயே கியரும் சேர்த்திதான். சொந்தமாகக் கொண்டுபோனால் அவர்கள் குறைப்பது சொற்பம். போர்ட் பிளேர் விமானத்தில் 15 கிலோவுக்குள் அடக்க வேண்டிய தலைவலி வேறு.

மாஸ்க் விஷயத்தில் பிராண்டைப் பார்க்காதீர்கள், உங்கள் முகத்தைப் பாருங்கள். கடையில் ஸ்ட்ராப்பைத் தலைக்குப் போடாமல் முகத்தில் ஒட்டி வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிவிட்டுக் கையை எடுங்கள். மூச்சை இழுத்து வைத்திருக்கும்வரை கீழே விழாமல் நின்றால் சரி. அதோடு விடாமல், வாயில் ஸ்நார்க்கல் மவுத்பீஸைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை செய்யுங்கள். ரெகுலேட்டரைக் கடித்ததும் கன்னமும் மேலுதடும் நகரும், கடையில் ஒட்டிய மாஸ்க் கடலில் ஒழுகுவது அங்கேதான். மீசைக்காரர்கள் பயப்பட வேண்டாம். மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு அளவு மழித்தால் போதும், மீசையைப் பலிகொடுக்க வேண்டியதில்லை.

கண்ணாடி போடுபவரென்றால் பவர் லென்ஸ் மாற்றக்கூடிய இரட்டைக் கண்ணாடி மாஸ்க் கேளுங்கள். ரெடிமேட் லென்ஸ் 0.5 இடைவெளியில் கிடைக்கும். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 3.5; போட்ட அன்றைக்குத்தான் என் பிரஷர் கேஜ் முள்ளை நானே ஒழுங்காகப் படித்தேன். புது மாஸ்க்கின் உள்பக்கக் கண்ணாடியை வெள்ளை டூத்பேஸ்ட் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தொழிற்சாலையில் படிந்த சிலிக்கோன் படலம் போகாவிட்டால் எவ்வளவு எச்சில் துப்பித் தேய்த்தாலும் பனிமூட்டம்தான்.

அடுத்தது கம்ப்யூட்டர். ஆழத்தையும் நேரத்தையும் வைத்து உடம்பில் சேரும் நைட்ரஜனைக் கணக்கிடும் கைக்கருவி. இதை ஏன் இரண்டாவதாகச் சொல்கிறேன் என்றால், ஹேவ்லாக்கில் படகில் பார்த்தது. காலை டைவ் முடிந்ததும் வாடகைக் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒரே கூடையில் போட்டார்கள். இரண்டாவது டைவுக்குக் கைக்கு வந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். காலையில் 18 மீட்டர் போன ஒருவர் கையில், 8 மீட்டரில் மீன் பார்த்துக்கொண்டிருந்தவரின் கருவி. அவர் உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அதற்கு எப்படித் தெரியும்? நல்லவேளை, கூட வந்த டைவ்மாஸ்டர் கவனித்து மாற்றிக் கொடுத்தார். முதல் டைவிலிருந்து ஊர் திரும்பும்வரை ஒரே கருவி ஒரே கையில் இருக்க வேண்டும். பல நாள் டைவ் செய்தால் விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். அதையும் அதுவே எண்ணிக் காட்டும்.

நான் வாங்கியபோது ஆரம்பநிலை மாடல் 20,000 ரூபாய் அக்கம்பக்கம். கலர் திரை, ப்ளூடூத் எதுவும் வேண்டாம். பேட்டரியை நாமே மாற்ற முடிகிறதா, எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எஸ்எம்பி என்பது நீங்கள் மேலே வரும் இடத்தைப் படகுக்காரருக்குக் காட்டும் ஆரஞ்சு பலூன். இருப்பதிலேயே விலை குறைந்த சாமான் இதுதான், பலர் வாங்காமல் விடுவதும் இதைத்தான்.

* * *

சிங்கப்பூரிலிருந்து:

மேலே அண்ணா சொன்னதில் பாதிக்கு நான் ஒத்துப்போகவில்லை. என் உயரம் ஐந்தடிக்கும் கீழே. மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போகும்போதெல்லாம் வாடகை பிசிடியில் சின்ன சைஸ் தீர்ந்துபோயிருக்கும், மீடியம்தான் கிடைக்கும். தண்ணீருக்கு மேல் வந்து காற்றடித்ததும் பிசிடி மட்டும் காதுவரை ஏறும், நான் அதற்குள் தொங்கிக்கொண்டிருப்பேன். டேங்க் ஒரு பக்கம் சாய, அதை நேர்ப்படுத்தக் காலை உதைத்தே காற்று தீர்ந்துவிடும். ஆகவே சின்ன உடம்புக்காரர்களுக்கும் ரொம்பப் பெரிய உடம்புக்காரர்களுக்கும் பிசிடிதான் முதல் செலவு.

நான் பழையதுதான் வாங்கினேன். கோர்ஸ் முடித்து இரண்டு தடவை போய்விட்டு, கல்யாணம், குழந்தை என்று டைவிங்கை விட்டவர்கள் இங்கே நிறைய. அவர்கள் வீட்டு அலமாரியில் தூங்கும் பிசிடிகள் பாதி விலைக்குக் கிடைக்கும். விற்றவர் வீட்டிலேயே வாயால் ஊதி முழுசாக நிரப்பி, சோபாவில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். (டீ கொடுத்தார்கள்.) தளரவில்லை. பிறகு தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினேன். உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டால் உப்பு கட்டியாகிக் கிடக்கிறது, அதாவது கழுவாமல் வைத்த ஆள். காற்றேற்றும் இன்ஃப்ளேட்டர் பட்டனை அழுத்தி விட்டால் உடனே மேலே வர வேண்டும். ஒட்டிக்கொண்டால் தண்ணீருக்கு அடியில் தானாகக் காற்றேறி உங்களை மேலே தூக்கிக்கொண்டு போகும், அது வேண்டவே வேண்டாம்.

வெட்சூட்டும் (உடம்பை ஒட்டிய ரப்பர் உடை) எனக்குச் சொந்தம்தான். நம் கடல் சூட்டுக்கு 3 மில்லிமீட்டர் தடிமன் தாராளம். வாடகை வெட்சூட்டை எதற்காக விட்டேன் என்று டைவ் செய்பவர்களுக்குத் தெரியும். எல்லோரும் அதற்குள் என்ன செய்கிறார்கள் என்பதும் தெரியும்.

* * *

புதுச்சேரியில் டைவ் சொல்லித்தருபவர்:

ரெகுலேட்டரை யாரும் தொடலையே, நான் சொல்றேன். டேங்க்ல 200 பார் அழுத்தத்துல இருக்கிற காத்தை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் கிட்டத்தட்ட 10 பாருக்கு இறக்கும். வாயில இருக்கிற செகண்ட் ஸ்டேஜ் அதை நீங்க இருக்கிற ஆழத்துக்கு ஏத்த மாதிரி கொடுக்கும். உயிர் அதுலதான் இருக்கு, அதனால அதைத்தான் முதல்ல வாங்கணும்னு நெனைக்கிறாங்க. வாங்கறது பெரிசில்லை. கம்பெனி சொல்ற இடைவெளியில, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, சர்வீஸ் பண்ணணும். உதிரி பாகக் கிட், கூலி, அனுப்பற செலவுன்னு போய்க்கிட்டே இருக்கும். வருஷத்துக்கு ஒரு ட்ரிப் போறவருக்கு அது வீண். மாசாமாசம் தண்ணில இறங்கறவர் தாராளமா வாங்கலாம்.

ஒருத்தர் வெளிநாட்டு நண்பர்கிட்ட பழைய ரெகுலேட்டர் ஒண்ணு மலிவா வாங்கிட்டு வந்தாரு, பார்க்கப் பளபளன்னு இருந்துது. முதல்ல, அது டின் (DIN) வகை. டேங்க்ல மரையா முறுக்கறது. எங்க டேங்க் எல்லாம் யோக், மேல கவ்வி இறுக்கறது. சரி, அடாப்டர் போட்டுக்கலாம். ஆனா காத்து உள்ள நுழையற வாய்ல சின்ன உலோக ஃபில்டர் ஒண்ணு இருக்கும், டார்ச் அடிச்சுப் பார்த்தேன். வெள்ளி நிறமா இருக்க வேண்டியது பாசிப் பச்சை. உப்புத்தண்ணி உள்ள போயிருக்கு. ஹோஸ் நுனியில ரப்பர் உறையைத் தள்ளிப் பார்த்தா அடியில வெடிப்பு. வாங்கின விலையைவிட சரிபண்ற விலை கூட வந்துது. பழசு வாங்கறவங்க இந்த ரெண்டு இடத்தையும் பார்க்காம காசை எடுக்காதீங்க.

இன்னொண்ணு. முகம் முழுக்க மூடற ஸ்நார்க்கலிங் மாஸ்க்கை ஆன்லைன்ல வாங்கிட்டு கோர்ஸுக்கு வர்றாங்க. ஸ்கூபாவுக்கு அது ஆகாது. காது அடைச்சா மூக்கைப் பிடிச்சு ஊதணும், அதுல மூக்கைப் பிடிக்க முடியாது. ரெகுலேட்டரைக் கடிக்க வாயும் வெளியில இல்ல.

ஃபின்ஸ் பத்தி பெரிசா ஒண்ணுமில்ல. படகுல இருந்தே குதிக்கிறவங்களுக்குச் செருப்பு மாதிரி மாட்டற முழுப்பாத ஃபின்ஸ் போதும், பூட்ஸ் செலவு மிச்சம். கரையில இருந்து நடந்து இறங்கற இடம்னா பூட்ஸும் ஸ்ட்ராப் வெச்ச ஃபின்ஸும் வேணும்.

கேள்வி கேட்டவருக்கு: மாஸ்க், கம்ப்யூட்டர், எஸ்எம்பி, ஃபின்ஸ் வாங்கினாலும் கையில மிச்சம் இருக்கும். அதை இன்னும் நாலு டைவுக்குச் செலவு பண்ணுங்க. அப்புறம் எப்பவாவது ரெகுலேட்டர் வாங்கினா, டைவ் முடிஞ்சு நல்ல தண்ணில முக்கிக் கழுவறதுக்கு முன்னாடி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியைத் துடைச்சு இறுக்கி மூடுங்க. அப்படி முக்கி வெச்சிருக்கும்போது செகண்ட் ஸ்டேஜ் மேல இருக்கிற பர்ஜ் பட்டனை அழுத்தாதீங்க. அழுத்தினா வால்வு திறந்து, ஹோஸ் வழியா தண்ணி உள்ள ஏறிடும்.