தங்கச்சிமடம் சொந்தங்கள்

ஜெனிபர்: எல்லோரிடமும் ஒரு உதவி. திங்கட்கிழமை வரலாறு தேர்வு. கல்லூரியில் தந்த நோட்ஸ் பிடிஎஃப் முழுக்க போட்டோதான். கண் தெரியாத எனக்குப் போனில் எழுத்தை வாசித்துச் சொல்லும் டாக்பேக் ஒரு எழுத்துகூட வாசிக்கவில்லை. யாராவது டைப் அடித்துத் தருவீர்களா? 40 பக்கம்.

மெர்சி அத்தை: 40ஆ

சேசு அண்ணன்: யூனிட் 3 நான் அடிக்கிறேன்

மெர்சி அத்தை: நீயா? பத்தாம் வகுப்பில் தமிழில் நீ வாங்கிய மார்க் ஊருக்கே தெரியும்

அந்தோணி பெரியப்பா: டைப் அடிக்க வேண்டாம். கூகுள் டிரைவில் ஏற்றி, அதையே கூகுள் டாக்ஸில் திற. எழுத்தைப் பிரித்துத் தரும். பக்கம் கோணலாக இருந்தால் ‘ர’ துணைக்காலாகிவிடும் (ா), துணைக்கால் ‘ர’ ஆகிவிடும், ஆகவே ஒருவர் ஒத்துப் பார்க்க வேண்டும். டைப் அடித்தே தீருவேன் என்பவர்கள் யூனிகோடில் அடியுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்தால் நம் கண்ணுக்குத் தமிழ், அவள் போன் இங்கிலீஷில் உளறும்.

சேசு அண்ணன்: 👍

அருள் சித்தப்பா: புத்தகத்தை அப்படியே மாற்றினால் கேஸ் வராதா

அந்தோணி பெரியப்பா: வராது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாற்றுத்திறனாளி படிக்க மாற்றித் தரலாம், அதில் லாபம் பார்க்கக் கூடாது. பார்வையற்றோருக்குப் புத்தகத்தை மாற்றித் தர வழிசெய்யும் மராக்கேஷ் ஒப்பந்தத்தை 2014-ல் முதலில் ஏற்ற நாடே இந்தியாதான்.

மெர்சி அத்தை: லாபம் பற்றி அண்ணன் பேசுகிறார். அப்பாவின் வள்ளம் விற்ற காசு என்ன ஆயிற்று?

அருள் சித்தப்பா: அக்கா, இங்கே வேண்டாம்

ஜெனிபர்: டிரைவில் போட்டேன் பெரியப்பா. 22 பக்கம் வரை நன்றாக வந்தது. அப்புறம் நடுவில் நிழல் விழுந்து பாதி வரி இல்லை. ஒரு மேப் வேறு, பழைய துறைமுகங்கள். அதை யாராவது வாய்ஸில் சொல்லுங்கள்.

சேசு அண்ணன்: அழகன்குளம் இருக்கிறதா? நம்ம ஆற்றங்கரை பக்கம், வைகை கடலில் சேருமிடம்

ஜெனிபர்: அது தெரியும் அண்ணா 😄 கொற்கை எந்தப் பக்கம்?

சேசு அண்ணன்: தெற்கே. தூத்துக்குடி தாண்டி. மீதியை இரவு சொல்கிறேன்

அருள் சித்தப்பா: சனிக்கிழமை மீன்பிடிக்கப் படகு போகிறதா சேசு?

சேசு அண்ணன்: கடலுக்குப் போக டோக்கன் கொடுத்தால்

மெர்சி அத்தை: நண்டு கிடைத்தால் எனக்கு இரண்டு கிலோ

அந்தோணி பெரியப்பா: தேர்வில் ஜெனி சொல்லச் சொல்ல எழுதப்போகும் எழுத்தர் யார்? நாமே கூட்டிப் போனால், அவளைவிடக் குறைவாகப் படித்தவர்தான் வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம். பிரின்சி பிளஸ் 2 தானே, அவள் போகட்டும்.

மெர்சி அத்தை: என் பெண்ணை அனுப்ப என்னைக் கேட்டீர்களா அண்ணே?

ஜெனிபர்: அத்தை, ப்ளீஸ்

மெர்சி அத்தை: பார்க்கலாம். அவளுக்கே திங்கள் டியூஷன்

அருள் சித்தப்பா: 23லிருந்து எனக்கு அனுப்பு ஜெனி. 30 வரை பார்க்கிறேன்

ஜெனிபர்: 31லிருந்து?

சேசு அண்ணன்: நண்டு கிலோ என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள் அத்தை